சங்கிலி சென்ட்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: 1793ஆம் ஆண்டு அமெரிக்கச் செப்பு சென்ட் காசில் சங்கிலி ஏன்?

பதில்: அன்றைய 15 மாநிலங்களின் ஒற்றுமைக்காக 15 கண்ணிகள் கோத்தார்கள். பார்த்தவர்களுக்கோ அது கைவிலங்காகத் தெரிந்தது. ஒரு பக்கம் சுதந்திர தேவி, திருப்பினால் சங்கிலி! தலைமுடி பறக்கும் தேவியின் முகத்தில் மிரட்சி தெரிகிறது என்றும் அக்காலப் பத்திரிகையில் குறை எழுதினார்கள். பிலடெல்பியா நாணயச்சாலை மார்ச் மாதத்தில் 36,103 காசுகள் அடித்ததோடு சங்கிலியைக் கைவிட்டு, இலை வளையத்துக்கு மாறியது. எனக்கென்னவோ அந்த மிரண்ட முகம்தான் பிடிக்கும்.

கேள்வி: நான் பார்த்த சங்கிலி சென்ட் படத்தில் 'அமெரிக்கா' முழுமையாக இல்லை, 'அமெரி' என்றே இருக்கிறது. பிழைக் காசா?

பதில்: பிழையல்ல. காசு அடிக்கும் முதல் அச்சில் அப்படிச் சுருக்கித்தான் வெட்டினார்கள். அடுத்த அச்சுகளில் முழுப்பெயர் வந்துவிட்டது.

கேள்வி: கையில் இருக்கும் பழைய சென்ட்டைப் புளி போட்டு விளக்கலாமா?

பதில்: வேண்டாம், தயவுசெய்து வேண்டாம்! குடத்தை விளக்குவது வேறு, இது வேறு. இருநூறு ஆண்டுகளில் செம்பின் மேல் படிந்த பழுப்புப் படலம்தான் அந்தக் காசின் தோல். புளியின் அமிலம் அதை உரித்துவிட்டால், கீழே இளஞ்சிவப்பாக வெறும் செம்பு தெரியும். பழைய நிறம் அப்படியே திரும்பாது. தேய்ந்திருந்தாலும் பழுப்பு மாறாத காசையே செப்புக்காசுப் பிரியர்கள் விரும்பி எடுப்பார்கள். விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள். விரல் வியர்வைகூடத் தடம் பதிக்கும். தூசியை மென்மையான தூரிகையால் தட்டினால் போதும். பச்சைக் களிம்பு இருந்தால் ஊசியால் சுரண்டாமல், விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: இவற்றைச் சேகரிக்கும் பழக்கம் எப்போது பரவியது?

பதில்: 1857இல் பெரிய செப்பு சென்ட் நிறுத்தப்பட்டபோது. சிறுவயது முதல் புழங்கிய காசு மறையப்போகிறது என்றதும், ஆண்டுக்கு ஒன்றாகத் தேடி எடுத்தார்கள். 1949இல் செப்புக்காசு ஆய்வாளர் வில்லியம் ஷெல்டன் இந்தக் காசுகளுக்காக 1 (மிகத் தேய்ந்தது) முதல் 70 (அப்பழுக்கற்றது) வரை தர அளவு வகுத்தார். 70ஆம் தரக் காசு, 1ஆம் தரக் காசைப் போல 70 மடங்கு விலை பெறும் என்பது அவர் கணக்கு. விலைக் கணக்கு பொய்த்தது. அளவுகோல் இன்று எல்லா உலோகக் காசுகளுக்கும் பயன்படுகிறது.

கேள்வி: 1799 சென்ட் விலைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா?

பதில்: அது மிக அரிது என்பதால், 1798 காசின் கடைசி எண்ணைச் செதுக்கி 9 ஆக்கி விற்பவர்கள் உண்டு. லென்ஸ் வைத்து அந்த 9ஐச் சுற்றிச் சுரண்டிய தடம் இருக்கிறதா என்று பாருங்கள். விளிம்பையும் சுற்றிப் பாருங்கள். நடுவில் ஒட்டுக்கோடு ஓடினால், அது இரண்டு செப்புத் தகடுகளை ஒட்டிச் செய்த நகல்.