பெங்களூருவில் எத்தனை எழுத்து?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வைட்ஃபீல்டில் ஒரு நேர்முகத் தேர்வில், ஒரு சொல்லில் குறிப்பிட்ட எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் நிரலைக் கேட்டார்கள். உடனே எழுதிவிட்டேன். வீட்டுக்கு வந்து தமிழில் சோதித்தேன். ‘பெங்களூரு’ என்ற சொல்லின் நீளம் 9 என்றது பைத்தான் என்ற நிரல்மொழி. அம்மா விரல் மடக்கி 5 என்றார். ‘பக்கம்’ என்பதில் ‘க’ 2 முறை வருகிறதாம். கணினிக்குத் தமிழ் ஒத்துவராதா?

ஆர்., அல்சூர்

அன்புள்ள ஆர்.,

ஒத்துவரும். உங்கள் அம்மா எண்ணியது எழுத்தை. பைத்தான் எண்ணியது யூனிகோடு குறிகளை; யூனிகோடு என்பது எழுத்துகளைக் கணினியில் பதிவதற்கான உலகப் பொதுக் குறியீட்டு முறை. ப, ெ, ங, புள்ளி, க, ள, ூ, ர, ு என்று 9 குறிகள். இவற்றில் நான்கு தனியே நிற்காத துணைக்குறிகள். சொல்லை ஒருமுறை வாசித்துக்கொண்டே போய், துணைக்குறி வந்தால் விட்டுவிடுங்கள், மற்றதற்கு ஒன்று கூட்டுங்கள். 5 வந்துவிடும். யூனிகோடு ஒவ்வொரு குறிக்கும் ஒரு வகை வைத்திருக்கிறது. துணைக்குறிகளின் வகைப்பெயர் ‘எம்’ (M) என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். அதைப் பார்த்தாலே போதும்.

‘பக்கம்’ பற்றிய கேள்விதான் என்னை உட்கார வைத்தது. நம் இலக்கணத்தில் க் என்ற மெய்யோடு அ சேர்ந்து க ஆகிறது. யூனிகோடு அதைத் தலைகீழாக வைத்திருக்கிறது: க முதலில், அதன்மேல் புள்ளி வைத்தால் க். அதனால்தான் ‘க’வைத் தேடிய உங்கள் நிரல் ‘க்’கையும் சேர்த்துக்கொண்டது. உயிர்மெய் ‘க’ எத்தனை என்பது கேள்வியானால் விடை 1. ககர மெய் எத்தனை இடத்தில் ஒலிக்கிறது என்பது கேள்வியானால் 2 சரியான விடை. நிரல் எழுதுமுன் எதை எண்ணுகிறோம் என்று கேட்டுவிட வேண்டும். தேர்வு அறையிலும் தயங்காமல் கேளுங்கள்.

இந்தக் கேள்வி நமக்குப் புதிதும் அல்ல. கட்டளைக் கலித்துறை என்ற செய்யுள் வகையில் அடி நேரசையில் தொடங்கினால் 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17. ஒற்றுகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நான் யாப்புப் படித்தபோது என் ஆசிரியர் புள்ளியெழுத்துகளையெல்லாம் பென்சிலால் அடித்த பிறகே எண்ணச் சொல்வார். உங்கள் நிரலில் அதற்கு ஒரு கழித்தல் போதும்: கிடைத்த எண்ணிக்கையிலிருந்து புள்ளிகளைக் கழியுங்கள். பெங்களூரு 4 ஆகிவிடும்.

2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு சேர்த்து ஏற்ற டேஸ்16 முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் தனிக் குறியீடு உண்டு. அதில் இந்தச் சிக்கலே எழாது. ஆனால் உலகம் யூனிகோடில் எழுதுகிறது. நாமும் அதில்தான் எண்ணியாக வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. ‘கொ’வின் துணைக்குறி சில கோப்புகளில் ஒரே குறியாக இருக்கும், சிலவற்றில் ெ, ா என இரண்டாக இருக்கும். எழுத்தெண்ணிக்கை மாறாது, ஆனால் ‘கொ’வைத் தேடினால் அகப்படாமல் போகலாம். தேடுமுன் கோப்பையும் தேடும் சொல்லையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்.

‘லக்ஷ்மி’யையும் ஓட்டிப் பாருங்கள். நிரல் 4 என்னும். பிறகு அம்மாவைக் கேளுங்கள். க்ஷ் என்பதை ஒரே எழுத்தாக எண்ணி அவர் 3 என்றால், அதற்கு ஒரு தனி விதி எழுதவேண்டியிருக்கும்.