ஒரு பக்கமாக மெல்லும் பொமரேனியன்: முதலில் கண்ணுக்குக் கீழே பாருங்கள்

வணக்கம். உங்கள் 7 வயதுப் பொமரேனியனுக்கு வாய் நாற்றம், கடைவாய்ப் பல்லில் பழுப்புக் காறை, ஒரு வாரமாக இடது பக்கம் மட்டும் மெல்லுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நாற்றத்தைவிட அந்த ஒரு பக்க மெல்லல்தான் எனக்குக் கவலை தருகிறது. வலது பக்கம் வலி இருக்கலாம். பல் ஆடினாலும் நாய் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கும், அதனால் 'சாப்பிடுகிறதே' என்று விட்டுவிடாதீர்கள்.

வலது கண்ணுக்குக் கீழே வீக்கம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். மேல்தாடையின் பெரிய கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ் பிடித்தால் பெரும்பாலும் அங்கேதான் வீங்கும். இருந்தால் உடனே டாக்டரிடம் போங்கள். இல்லாவிட்டாலும் இந்த வாரமே காட்டிவிடுங்கள்.

இறுகிய காறை பிரஷ்ஷுக்குப் போகாது. மயக்கம் கொடுத்து, ஈறுக்கு அடியில் இருப்பதையும் சேர்த்து எடுக்க வேண்டும். மயக்கம் என்றால் பயமாகத்தான் இருக்கும். முன்கூட்டியே இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். மயக்கமில்லாமல் மேலாகச் சுரண்டினால் பல் வெள்ளையாகத் தெரியும், நோய் உள்ளேயே இருக்கும்.

நாம் தேய்க்கும் பேஸ்ட் வேண்டவே வேண்டாம். நாய் துப்பாது, விழுங்கிவிடும். ஃப்ளோரைடு அதற்கு ஆகாது, சிலவற்றில் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி நாயின் உயிருக்கே ஆபத்து. எலும்பும் கொடுக்காதீர்கள். வெந்தது சிம்பு சிம்பாக உடைந்து குத்தும், கெட்டியானது பல்லையே உடைக்கும்.

வலிக்கும் வாயில் இப்போது தேய்க்க வேண்டாம். ஈறு ஆறியதும் நாய்களுக்கான பேஸ்ட்டை விரல் பிரஷ்ஷில் வைத்து, பல்லின் வெளிப்பக்கத்தை மட்டும் தினமும் தேய்த்தால் போதும்.