தேரி மணலும் புதுக் காரும்

கேள்வி: முதல் கார் வாங்கியிருக்கேன், அண்ணாச்சி. வீட்டிலேயே கழுவ என்னென்ன வேணும்?
– வாசகர், திசையன்விளை

பதில்: ரெண்டு வாளி, கார் ஷாம்பு, மைக்ரோஃபைபர் கையுறை, ரெண்டு பெரிய மைக்ரோஃபைபர் துண்டு. இது போதும். பழைய பனியனைச் சக்கரத்துக்கு மட்டும் வச்சுக்கிடுங்க. பாத்திரம் கழுவுற சோப்பு வேண்டாம், மெழுகுப் பூச்சை எடுத்துரும்.

உங்க பக்கம் தேரி மணல்லா, செம்மண் மேட்டு மணல்! காஞ்ச துணியால தட்டினா பெயிண்டுல கீறல் விழும். முதல்ல தண்ணி பீய்ச்சி மணலை இறக்குங்க. பிறகு கூரையில ஆரம்பிச்சுக் கீழே வாங்க. ஒரு வாளியில நுரை, இன்னொண்ணுல கையுறையை அலச வெறுந்தண்ணி. அழுக்கு நுரைக்குள்ள போகக் கூடாது. போர் தண்ணி உப்பா இருந்தா, தானாக் காயவிட்டீங்கன்னா வெள்ளைப் புள்ளி நிக்கும். நிழல்ல நிறுத்தி, துண்டை விரிச்சு உடனே ஒத்தி எடுங்க. கண்ணாடிக்கு ரெண்டாவது துண்டு.