முள் நடுவில் நிற்கிறது, படம் ஏன் தப்பாக வருகிறது?

கேள்வி: கேமரா வாங்கி எட்டு மாதம் ஆகிறது. 18-55 எம்எம் ஜூம் லென்ஸ்தான் இருக்கிறது. அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு), ஷட்டர் (ஒளி உள்ளே விழும் நேரம்), ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன்) என்றால் என்னவென்று தெரியும். எல்லாவற்றையும் நானே அமைக்கும் மேனுவலில் வைத்து, வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் முள்ளை நடுவில் கொண்டுவந்துதான் எடுக்கிறேன். ஆனாலும் வெள்ளைச் சட்டை அழுக்காகத் தெரிகிறது, கறுப்பு நாய் சாம்பல் நிறத்தில் வருகிறது. கம்போசிஷனில், அதாவது ஃப்ரேமுக்குள் எதை எங்கே வைப்பது என்பதில், மூன்றில் ஒரு பங்கு விதியை (ஃப்ரேமை மூன்று மூன்றாகப் பிரித்து, அந்தக் கோடுகளில் பொருளை வைப்பது) தாண்டி எதுவும் தெரியாது. தினமும் அரை மணி நேரம் ஒதுக்க முடியும். எப்படிப் பயிற்சி எடுப்பது? 50 எம்எம் 1.8 லென்ஸ் வாங்கினால் சரியாகிவிடுமா?

பதில்: லென்ஸைக் கடைசியில் பார்ப்போம். உங்கள் சிக்கல் அந்த முள்ளில் இருக்கிறது.

கேமராவின் மீட்டருக்குத் தன் முன்னால் இருப்பது சட்டையா, நாயா என்று தெரியாது. எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடும். வெள்ளையைக் காட்டினால் வெளிச்சம் அதிகம் என்று குறைத்துவிடும். கறுப்பைக் காட்டினால் போதவில்லை என்று கூட்டிவிடும். புதிய கேமராக்கள் கொஞ்சம் சாமர்த்தியமானவை, முகத்தைக்கூட அடையாளம் காண்கின்றன. ஆனாலும் அடிப்படை இதுதான். மேனுவலில் முள்ளை நடுவில் நிறுத்துவது, ஆட்டோ செய்யும் வேலையையே நாம் கையால் சிரமப்பட்டுச் செய்வதுதான்.

எனவே கொஞ்ச நாளைக்கு மேனுவலை விட்டுவிடுங்கள். அபெர்ச்சர் ப்ரையாரிட்டியில் வையுங்கள்; திறப்பை நீங்கள் வைத்தால் ஷட்டர் வேகத்தைக் கேமராவே பார்த்துக்கொள்ளும். சில கேமராக்களில் 'ஏ' என்றும் சிலவற்றில் 'ஏவி' என்றும் இருக்கும். ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடாமல் 400இல் நிறுத்துங்கள். ஒரு வெள்ளைத் துணியை ஃப்ரேம் முழுக்க நிரப்பி ஒரு படம், அதே இடத்தில் ஒரு கறுப்புத் துணியை விரித்து ஒரு படம். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாக வந்து நிற்கும். இதைப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, உங்கள் கேமராவின் திரையில் பார்ப்பது வேறு. இப்போது எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமராவின் கணக்கைவிடப் படத்தை வெளிச்சமாகவோ இருட்டாகவோ ஆக்கும் அமைப்பு) வெள்ளைக்கு ஒன்றரை ஸ்டாப் கூட்டியும் கறுப்புக்கு ஒன்றரை ஸ்டாப் குறைத்தும் எடுத்துப் பாருங்கள். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்காவது, அல்லது பாதியாவது. அப்புறம் துணிக்குப் பதிலாக ஆளை நிறுத்துங்கள்: இருண்ட சுவருக்கு முன்னால் வெள்ளைச் சட்டை, வெளிறிய வானத்துக்கு முன்னால் கறுத்த மரம். ஷட்டரை அழுத்துவதற்கு முன்னால் 'இதற்குக் கூட்டணுமா, குறைக்கணுமா, எவ்வளவு?' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு எடுங்கள். முதல் வாரம் முழுக்க இது ஒன்றே போதும்.

திரையில் வெளுத்துப்போன இடங்கள் மினுக்கிக் காட்டும் வசதி இருக்கும், அதைப் போட்டு வையுங்கள். முற்றிலும் வெளுத்துப்போன இடத்தில் பிறகு மீட்க எதுவும் இருக்காது. நிழலில் இருப்பதை ரா ஃபைலிலிருந்து (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் மூலக் கோப்பு) ஓரளவு தூக்கிவிடலாம்.

ஸ்டாப் கணக்கு மனதில் பதிய ஒரு சின்ன விளையாட்டு. எஃப் எண் கூடக்கூட லென்ஸின் திறப்பு சுருங்கும்; 4இலிருந்து 5.6, அதிலிருந்து 8 என்பது ஒவ்வொரு ஸ்டாப். எஃப் 4இல் 1/60 நொடி என்று கேமரா காட்டினால், எஃப் 5.6க்கு என்ன வரும் என்று பார்க்காமல் சொல்லுங்கள். 1/30. எஃப் 8க்கு 1/15. அந்த வேகத்தில் கை ஆடிவிடும், அதனால் ஐஎஸ்ஓவை 400இலிருந்து 1600க்கு ஏற்றினால் மறுபடி 1/60. பத்து நாளில் இது வாய்ப்பாடு மாதிரி வந்துவிடும். வீடு திரும்பும்போது ஐஎஸ்ஓவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர மறக்காதீர்கள். முந்தின இரவு 3200இல் விட்டதைக் கவனிக்காமல், நல்ல காலை வெயிலில் இருநூறு படம் எடுத்துவிட்டு வந்தவன் நான்.

இரண்டாவது வாரம் ஜன்னல். என்னைக் கேட்டால் இதற்கு மேல் ஒரு ஸ்டுடியோ ஆரம்பத்தில் தேவையில்லை. அறை விளக்குகளை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பகல் வெளிச்சத்தின் நீலமும் பல்பின் மஞ்சளும் கலந்து முகம் இரண்டு நிறமாகும். மேசையில் ஒரு முட்டையை வையுங்கள். வெள்ளையாக, உருண்டையாக இருப்பதால் ஒளி செய்வதையெல்லாம் அது மறைக்காமல் காட்டும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று எடுத்தால் முட்டை தட்டையாக, காகிதத்தில் வெட்டி ஒட்டியதுபோல் இருக்கும். ஜன்னல் பக்கவாட்டில் வரும்படி நகருங்கள், உருண்டை கிடைக்கும். ஜன்னலைப் பார்த்து நின்றால் ஓரத்தில் ஒளிக்கோடு, மற்றதெல்லாம் நிழல். அந்த நிழல் பக்கத்தில் ஒரு வெள்ளைக் காகிதத்தை நிறுத்திப் பாருங்கள்.

கவனிக்க வேண்டியது வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் அந்த எல்லையை. நேர் வெயிலில் அது கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். மெல்லிய திரைச்சீலையை இழுத்துவிட்டால் கரைந்துவிடும். முட்டையை ஜன்னலிலிருந்து அடி அடியாக உள்ளே நகர்த்தினால், கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாவிட்டாலும் ஷட்டர் வேகம் இறங்கிக்கொண்டே போவதைக் கேமரா காட்டும். அதே ஜன்னலைக் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் பாருங்கள். பிறகு முட்டை இருந்த இடத்தில் ஒரு மனிதரை உட்காரவைத்தால், எங்கே திரும்பச் சொல்ல வேண்டும் என்று யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்காது.

கம்போசிஷன். மூன்றில் ஒரு பங்கு விதி தவறில்லை, ஆனால் அதை வைத்துத் தப்பிக்கத்தான் பலரும் பார்க்கிறார்கள். ஜூமை 35இல் வைத்து டேப் ஒட்டிவிடுங்கள். இனி நெருங்க வேண்டுமென்றால் கால்தான் நடக்க வேண்டும். ஏதாவது ஒரு நாற்காலியை இருபது படம் எடுங்கள், ஒன்றுபோல் இன்னொன்று இருக்கக் கூடாது. ஐந்தாறு எடுத்ததும் அலுக்கும். அதற்கப்புறம்தான் மண்டியிடுவீர்கள், மேலிருந்து பார்ப்பீர்கள், நிழலை மட்டும் எடுப்பீர்கள். அழுத்துவதற்கு முன் ஃப்ரேமின் நான்கு ஓரங்களையும் ஒரு சுற்றுப் பாருங்கள். தலைக்குப் பின்னால் முளைக்கும் கம்பம், மூலையில் எட்டிப்பார்க்கும் செருப்பு எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். பெரும்பாலும் அரை அடி நகர்ந்தாலே போதும்.

சரி, லென்ஸுக்கு வருவோம். உங்கள் லென்ஸ் பெரும்பாலும் 55இல் எஃப் 5.6 வரைதான் திறக்கும். எஃப் 1.8 அதைவிடச் சுமார் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். வீட்டுக்குள் இது பெரிய வித்தியாசம், ஆனால் சட்டை அழுக்காகத் தெரிவதை அது தீர்க்காது. ஒரு மாதம் கழித்து டேப்பை எடுத்துவிட்டு, உங்கள் விருப்பம்போல் இருநூறு படம் எடுங்கள். படத்தோடு பதிவாகியிருக்கும் விவரங்களைக் கணினியில் திறந்து பாருங்கள். பாதிக்கு மேல் 50ஐ ஒட்டியும், எஃப் 5.6இலும், ஐஎஸ்ஓ 3200க்கு மேலும் இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். பெரும்பாலானவை 18இல் இருந்தால் 50 எம்எம் உங்களுக்கான லென்ஸ் இல்லை.