இரவல் மிஷின்

அன்புள்ள ஐயா,

குலசேகரம் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் ரப்பர் இருக்கிறது. உறைந்த ரப்பர் பாலை அழுத்தி ஷீட் அடிக்க அப்பா வாங்கிப் போட்டவை இரண்டு மிஷின்கள்: ஒன்று சாதா ரோலர், மற்றது பள்ளம் பள்ளமாக வரி போட்ட வரி ரோலர். இடையில் பாலாகவே விற்றுக்கொண்டிருந்தோம். அப்போது அத்தான் கேட்டார், கொடுத்தேன். இரண்டு வருஷமாகிறது. போன வாரம் அக்காள் வீட்டுக்குப் போனால், தொழுவத்துக்கு வெளியே மழையில் கிடக்கிறது. மேலே ஒரு சாக்கு கூட இல்லை. வரிகளுக்குள் முழுக்கத் துரு. கேட்டால் அக்காள் அழுவாள். “ஒரு இரும்புக்காகவா சண்டை?” என்கிறார் அம்மா. என் மனைவி அத்தானோடு பேச்சையே நிறுத்திவிட்டாள். என்ன செய்யட்டும்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

நியாயம் உங்கள் பக்கம்தான். ஆனால் உங்கள் அத்தானை எனக்கு நன்றாகத் தெரியும். நானும் ஒரு காலத்தில் அவராக இருந்தவன்தான்.

தோவாளைப் பக்கம் வாழைக்குத் தண்ணீர் இறைக்க சித்தப்பாவின் டீசல் எஞ்சினை வாங்கினேன். பத்து நாள் தவணை. ஐப்பசி மழையில் வாய்க்கால் ஏறி வந்து, எஞ்சின் இரண்டு நாள் சகதிக்குள் நின்றது. இழுத்துக் கரையேற்றி ஹேண்டிலைப் போட்டால் அசையவில்லை. பிஸ்டன் பிடித்துவிட்டது. சரி, ரிப்பேர் பார்த்துக் கொடுத்துவிடலாம் என்று இருந்தேன். கையில் காசில்லை. தை போயிற்று, மாசி போயிற்று. ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் சித்தப்பா உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் சாப்பிடாமலே பின்வாசல் வழியாக நழுவினேன். அவியல் வாசனை வேறு. அவருக்கு அது திமிராகப் பட்டிருக்கும்; எனக்கோ முகத்தைக் காட்டக் கூச்சம். கடைசியில் அவரே டெம்போ பிடித்து வந்து ஏற்றிக்கொண்டு போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. பாதிச் செலவைப் பிறகு கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். போக்குவரத்தும் பழையபடி ஆயிற்று. ஆனால் அந்த வீட்டிலிருந்து இன்றுவரை எனக்கு ஒரு மம்பட்டி கூட இரவல் கிடைத்ததில்லை.

ஆகவே அத்தான் கொண்டுவந்து தருவார் என்று காத்திருக்காதீர்கள். நாளாக நாளாக அவருக்குக் கால் வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டி பிடித்து நீங்களே போங்கள். “இனி ஷீட்டு அடிக்கப் போறோம் அத்தான், மிஷினை எடுத்துட்டுப் போறேன்.” அவ்வளவு போதும். காசுப் பேச்சு அன்றைக்கு வேண்டாம், அக்காள் முன்னால் எப்போதுமே வேண்டாம். லேத்துக்காரர் செலவைச் சொன்ன பிறகு அத்தானைத் தனியாகப் பார்த்துத் தொகையைச் சொல்லிக் கேளுங்கள். கேட்காமல் இருந்துவிடாதீர்கள். அம்மா சொல்லும் அந்த ‘இரும்பு’ எத்தனை நாள் உங்கள் வீட்டு அடுப்பை எரிய வைத்திருக்கும்!

உங்களிடமும் ஒரு கேள்வி. இரண்டு வருஷத்தில் மிஷின் எப்படி இருக்கிறது என்று ஒரு தடவையாவது விசாரித்தீர்களா? நம் குமரி மாவட்டத்தில் ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. மழை போகட்டும், உறைந்த பாலிலிருந்து பிழிந்து வருகிற ஆசிட் தண்ணீரைக் கழுவாமல் விட்டாலே ரோலரைத் தின்றுவிடும். அடித்து முடித்ததும் கழுவித் துடைத்து எண்ணெய் தடவ வேண்டும் என்று கொடுக்கும்போது சொன்னீர்களா?

மிஷின் வந்ததும் மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, கம்பி பிரஷ்ஷால் ஒவ்வொரு வரியாகத் தேயுங்கள். பல்சக்கரத்துக்குப் புது கிரீஸ். எவ்வளவு தேய்த்தாலும் முதலில் அடிக்கும் கொஞ்சம் ஷீட்டில் துருக்கறை விழும். அதைத் தனியாகக் கட்டி வையுங்கள், நல்ல ஷீட்டோடு கலந்தால் கடைக்காரர் மொத்தக் கட்டுக்கும் விலையைக் குறைத்துவிடுவார்.