குழந்தையின் பேச்சு: வாசகர் கேள்விகளுக்குப் பேச்சுப் பயிற்சியாளரின் பதில்கள்

கேள்வி: பெங்களூருவில் வசிக்கிறோம். வீட்டில் தமிழ்; விளையாட்டுப் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும். இரண்டு வயது மகன் இருபது சொற்களே பேசுகிறான். தமிழை நிறுத்தச் சொல்கிறார்கள். நிறுத்தலாமா?

பதில்: வேண்டாம். அந்த இருபதும் தமிழ்ச் சொற்கள் மட்டுமா என்று முதலில் பாருங்கள். 'தண்ணி', 'நீரு', 'வாட்டர்' மூன்றையும் சொல்லும் குழந்தைக்கு மூன்று சொற்கள் என்றே கணக்கு. எல்லா மொழிகளையும் சேர்த்தும் இரண்டு வயதில் ஐம்பது சொற்களை எட்டாமல், 'அம்மா வா' என இரண்டைக் கோக்கவும் தொடங்காமல் இருந்தால், பழியை மொழிகள்மீது போடாமல் செவித்திறனைச் சோதியுங்கள். தமிழை நிறுத்திய வீடுகளில் நான் கண்டது வேறு: கதை சொல்லிச் சோறூட்டிய பாட்டி மௌனமாகிவிட, குழந்தையின் காதில் விழுவதெல்லாம் 'கம்', 'சிட்', 'ஈட்' என்ற கட்டளைகளாகச் சுருங்கிவிடுகிறது.

கேள்வி: ஒன்றரை வயது மகள் இன்னும் பேசவில்லை. ஆனால் கதவைச் சாத்தினால் திடுக்கிடுகிறாள். பிறந்தபோது செய்த ஓ.ஏ.இ. என்ற செவிச் சோதனையும் சரியாக இருந்தது. மறுபடி சோதிக்க வேண்டுமா?

பதில்: அவசியம் வேண்டும். கதவோசை பேச்சைவிடப் பல மடங்கு பலமானது. அதன் அதிர்வைத் தரை வழியாகவே உடல் உணர்ந்துவிடும். உச்ச அதிர்வெண் ஒலிகள் மட்டும் கேளாத குழந்தை, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும். ஆனால் 'ச', 'ஸ' போன்ற மெல்லிய ஒலிகளைத் தவறவிடும். ஓ.ஏ.இ. உட்செவியின் உணர்செல்களை மட்டுமே சோதிப்பது. கடும் மஞ்சள் காமாலையோடு தீவிர சிகிச்சையில் இருந்த குழந்தைகள் சிலருக்கு அது சரியாக இருந்தும் செவி நரம்பின் செயல்பாடு பழுதாகியிருக்கும். அதைக் காட்டுவது பெரா சோதனை. குழந்தை தூங்கும்போது வலியின்றிச் செய்யலாம். பிறந்த ஒரு மாதத்தில் முதற்சோதனை, மூன்று மாதத்தில் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்தில் சிகிச்சை என்பதே உலகெங்கும் பின்பற்றப்படும் இலக்கு என்பதால், இனியும் காத்திருக்காதீர்கள்.

கேள்வி: மூன்று வயது மகனுக்கு, காது கேட்க உதவ உட்செவியில் வைக்கும் காக்ளியர் கருவி பொருத்தி எட்டு மாதமாகிறது. இன்னும் வாக்கியமாகப் பேசவில்லையே?

பதில்: கருவி இயங்கத் தொடங்கிய நாளிலிருந்துதான் அவனுடைய கேட்கும் வயதைக் கணக்கிட வேண்டும், எட்டு மாதக் குழந்தையிடம் யாரும் வாக்கியம் கேட்பதில்லை. கருவியை விழித்திருக்கும் நேரமெல்லாம் அணிகிறானா, கருவியின் ஒலி அளவுகளை அவனுக்கேற்பச் சரிசெய்யும் 'மேப்பிங்' தவறாமல் நடக்கிறதா என்பவையே இப்போதைய கேள்விகள். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஆறு வயதுக்குட்பட்டோரின் அறுவை சிகிச்சைச் செலவை ஏற்கிறது; அதன்பின் வரும் பல மாதப் பயிற்சியில் வீட்டாரின் பங்கே பெரிது. சைகை மொழி பேச்சைத் தடுக்கும் என்று அஞ்சி அவனுடைய கைகளைக் கட்டிப்போட வேண்டாம்.

கேள்வி: நான்கு வயது மகள் மழையை 'மயை' என்கிறாள்.

பதில்: ழகரம் தாமதமாகவே வரும், நம்மூரில் பெரியவர்கள் பலருக்கே 'மளை'தான் பெய்கிறது. வெளியார் அவள் பேச்சைப் புரிந்துகொள்ளத் திணறினால் மட்டும் அழைத்து வாருங்கள்.