மூணு வேளை சமையலும் புள்ளைங்க பாடமும்: ஃப்ரிஸ்கோ வந்திருக்கற தங்கச்சிக்கு

தங்கச்சி, நீங்க கேட்டிருந்தத ரெண்டு தடவ படிச்சேன். மே மாசம் டல்லாஸ் பக்கம் ஃப்ரிஸ்கோ வந்திருக்கீங்க, பெரியவனுக்கு 7 வயசு, சின்னவளுக்கு 4, வீட்டுக்காரர் காலைல 7 மணிக்கு கிளம்பினா சாயந்திரம் 6 ஆயிடுது, நீங்க எச்4ல, அதாவது இங்க வேலைக்கு வந்தவரோட மனைவிக்கு குடுக்கற விசால இருக்கீங்க. ஆகஸ்ட்ல ஸ்கூல் திறக்கறதுக்குள்ள முடிவு பண்ணனும், ஸ்கூலுக்கு அனுப்பாம வீட்லயே படிக்க வெச்சு ஹோம்ஸ்கூல் பண்ண ஆசையா இருக்கு, ஆனா ஊர்ல மாதிரி வேலைக்கு ஆள் இல்லாம மூணு வேளையும் சமைச்சு பாத்திரம் கழுவி நடுவுல எப்படி பாடம் சொல்லி குடுக்கறது, சட்டப்படி இது சரியான்னு கேட்டிருக்கீங்க.

நான் கோபிச்செட்டிபாளையம் பக்கம். 2011ல இங்க ப்ளேனோ வந்தேன், மூணு புள்ளைங்க, 2016ல பெரியவனுக்கு ஆரம்பிச்சு இன்னைக்கு வரைக்கும் வீட்லதான் பாடம். மத்தியானத்துக்கு மேல வீட்ல இருந்தே கணக்கு எழுதற வேலையும் பாக்கறேன். அதனால நேரம் இல்லங்கறது எனக்கு நல்லாவே தெரியும்மா.

மொதல்ல சமையல சொல்றேன், ஏன்னா நிறைய பேர் ஹோம்ஸ்கூல விடறது பாடம் கஷ்டமா இருந்து இல்ல, அடுப்புக்கும் டேபிளுக்கும் நடுவுல ஓடி ஓடி உடம்பு ஓஞ்சு போயி விடறாங்க. நானே மொத வருஷம் அம்மா வீட்ல பாத்த மாதிரி சாம்பார், ரசம், பொரியல், தயிர், அப்பளம்னு தெனமும் பண்ணிட்டு இருந்தேன். பெரியவனுக்கு 7 வயசு இருக்கும்போது ஒரு நாள், 52ல இருந்து 27 கழிக்கணும், கடன் வாங்கி கழிக்கறது, அவனுக்கு புரியல, இந்தப் பக்கம் குக்கர் விசில் அடிக்குது, சின்னது இடுப்புல, நான் அடுப்புகிட்ட இருந்தே கத்தி கத்தி சொல்றேன், அவன் நோட்டு மேல தலைய வெச்சுட்டு சத்தமே இல்லாம அழுதுட்டு இருக்கான். திரும்பி பாத்தா பேப்பர் நனைஞ்சு பென்சில் எழுத்தெல்லாம் கலைஞ்சு கெடக்கு. அடுப்ப அணைச்சுட்டேன். ராத்திரி ஊற வெச்ச கொண்டக்கடலை இருந்துச்சு, இட்லி தட்ட எடுத்து வெச்சு அஞ்சு குழில பத்து பத்தா போட்டோம், வெளிய ரெண்டு கடலை. ரெண்டுல இருந்து ஏழு எடுக்க முடியாது, அப்ப ஒரு குழிய கவுத்துனா பன்னெண்டு ஆயிடுச்சு, அதுல ஏழு போக அஞ்சு, மீதி நாலு குழில ரெண்டு குழிய எடுத்தா ரெண்டு குழி நிக்குது. இருவத்தஞ்சுன்னு அவனே சொன்னான். அன்னைக்கு மத்தியானம் எங்களுக்கு சாப்பாடு வெறும் தயிர் சாதமும் அந்த கொண்டக்கடலைல பண்ணுன சுண்டலும்தான், ஒரு குறையும் இல்ல.

அன்னையில இருந்து வீட்ல ஒரே முடிவுதான். சமையல எவ்ளோ வேணாலும் சுருக்கிக்கலாம், ஆனா எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடற நேரத்த மட்டும் சுருக்கக் கூடாது.

காலை டிபனுக்கு வாரம் ஒரு தடவ மாவு, அவ்ளோதான். சனிக்கிழமை ராத்திரி அரைப்பேன், எங்க அஞ்சு பேருக்கு 6 கப் இட்லி அரிசிக்கு ஒன்றரை கப் உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். ஊர்ல இருந்து யாராவது கிரைண்டர் அனுப்பறேன்னு சொன்னா வேண்டாம்னுடுங்க, இங்க கரெண்டு 120 வோல்ட், நம்ம ஊர் 230 வோல்ட் கிரைண்டர் மிக்ஸி இங்க ஓடாது, இங்கயே 110 வோல்ட் மாடல் கெடைக்குது, அத வாங்குங்க. இப்ப வெயில் காலத்துல மாவு சீக்கிரமே பொங்கிடும், டிசம்பர் ஜனவரில மட்டும் ஓவன்ல லைட்ட மட்டும் போட்டு உள்ள வெச்சு மூடிடுங்க, ஓவன ஆன் பண்ண வேண்டாம், அந்த லைட்டு சூடே போதும். மாவு புதுசா இருக்கற ரெண்டு நாள் இட்லி, அப்பறம் தோசை, புளிக்க ஆரம்பிச்சதும் வெங்காயம் கேரட் போட்டு ஊத்தப்பம், கடைசில குழிப்பணியாரம். தொட்டுக்க தெனமும் சட்னி அரைக்கணும்னு இல்ல, ஞாயித்துக்கிழமை இட்லிப்பொடி ஒரு டப்பா இடிச்சு வெச்சுட்டா பொடி எண்ணெய் போதும்.

மத்தியானம் ஒரே பாத்திரம். எங்க ஊர் அரிசிம்பருப்பு சாதம் பண்ணியிருக்கீங்களா? ஒன்றரை டம்ளர் அரிசி, அரை டம்ளர் தொவரம்பருப்பு, ஆறு டம்ளர் தண்ணி, எண்ணெய்ல கடுகு சீரகம் வரமொளகா பூண்டு வெங்காயம் தக்காளி வதக்கி, மஞ்சத்தூள் போட்டு எல்லாத்தையும் சேத்து குக்கர்ல மூணு விசில், மேல நெய். சின்ன வெங்காயம் போட்டா அந்த ருசியே வேற, உரிச்சு ஃப்ரோசன்ல வெச்சு விக்கறாங்க, இல்லன்னா செவப்பு வெங்காயம் போதும். கட் பண்றதுல இருந்து குக்கர் மூடற வரைக்கும் இருவது நிமிஷம் கூட ஆகாது. மத்த நாள் தக்காளி சாதம், பாசிப்பருப்பு கடைசல், தயிர் சாதம், கொள்ளு ரசம். தொவரம்பருப்ப மொத்தமா வேக வெச்சு சின்ன சின்ன டப்பால ஃப்ரீசர்ல போட்டுட்டா அவசரத்துக்கு சாம்பார் கால் மணி நேரம்தான். ராத்திரி சப்பாத்தி, அது எங்க வீட்டுக்காரர் வேலை, பாத்திரம் டிஷ்வாஷர்ல அடுக்கறதும் அவரும் பெரியவனும்தான். இத மொதல்லயே பேசி முடிவு பண்ணிக்கோங்கம்மா, ஆறு மணிக்கு வந்து அவரும் ஒரு கை போடலன்னா ஆறு மாசத்துக்கு மேல தாங்காது, இத நான் நாலஞ்சு வீட்ல கண்ணால பாத்திருக்கேன்.

கறிவேப்பிலை இங்க வெல அதிகம்னு ஊர்ல இருந்து சூட்கேஸ்ல இலையோ கன்னோ கொண்டு வந்துடாதீங்க, எலுமிச்சை ஆரஞ்சு மரத்துக்கு நோய் பரப்பற பூச்சி அதுல தங்கும்னு ஏர்போர்ட்லயே தூக்கி போட்டுடுவாங்க. இங்கயே கெடைக்கற செடிய தொட்டில வெச்சு, குளிர் காலம் வந்தா உள்ள எடுத்துக்கோங்க.

இப்ப பாடம். 7 வயசு புள்ளைக்கு வீட்ல ஒக்காந்து சொல்லி குடுக்க ரெண்டு, ரெண்டரை மணி நேரம் போதும், இத மொதல்ல யாரும் நம்ப மாட்டாங்க. ஸ்கூல்ல ஏழு மணி நேரம் ஆகறது இருவது புள்ளைங்கள வரிசைல நிக்க வெச்சு, அமைதியா உக்கார வெச்சு, சாப்பிட அனுப்பி கூட்டிட்டு வரதுக்கும் சேத்து. காலைல டிபன் முடிஞ்சு எட்டரைக்கு உக்காந்தா பதினொண்ணுக்குள்ள கணக்கு, இங்கிலீஷ் படிக்கறது, எழுதறது முடிஞ்சிடும். கணக்குக்கு கான் அகாடமிங்கற வெப்சைட் ஃப்ரீ, அதோட ஒரு வொர்க்புக். மத்தது எல்லாம் லைப்ரரி, உங்க ஊர் பப்ளிக் லைப்ரரில அட்ரஸ் ப்ரூஃப் காட்டினா கார்டு சும்மா குடுப்பாங்க, கை நெறைய புக்க அள்ளிட்டு வரலாம், சின்னவளுக்கு கத சொல்ற நேரமும் அங்கயே இருக்கு.

பதினொண்ணுக்கு அப்பறம் சமையக்கட்டுதான் க்ளாஸ். மூணு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்புன்னு அளந்து அளந்துதான் என் பொண்ணுக்கு பின்னம் வந்துச்சு, "அம்மா, அர டம்ளர்ல ஒன்றரை டம்ளர் போடணும்னா மூணு தடவ"ன்னு அவளே கண்டுபிடிச்சா. தமிழ் எழுத்தும் அப்படித்தான். அஞ்சறைப்பெட்டிய சுத்தி டேப் ஒட்டி கடுகு, சீரகம், மஞ்சள்னு அவள எழுத சொன்னேன், மொத நாள் "கடுகூ"ன்னு எழுதிட்டா. நான் திருத்தல. ரெண்டு மாசம் கழிச்சு ஒரு நாள் தாளிக்க வந்தவ, அதையே பாத்துட்டு நின்னா, போயி மார்க்கர் எடுத்துட்டு வந்து அந்த சுழிய மட்டும் வெள்ளைல மறைச்சுட்டு போனா. அந்த டேப் இன்னும் அப்படியே இருக்கு, மாத்த மனசு வரல. வார கடைசில தமிழ்ப் பள்ளிக்கும் அனுப்புங்க, அமெரிக்கத் தமிழ்க் கல்விக்கழகத்தோட பாடத்திட்டத்துல நடத்தற பள்ளிங்க இருக்கு, எழுத்துக்கு மட்டும் இல்ல, நம்ம புள்ளைங்க நாலு பேர பாக்கறதுக்கும்தான்.

சட்டத்த பத்தி பயமே வேண்டாம், அமெரிக்காவுல ரொம்ப லேசான மாநிலங்கள்ல ஒண்ணு டெக்ஸாஸ். 1994ல லீப்பர் கேஸ்ல இங்க மாநில சுப்ரீம் கோர்ட், வீட்ல நடத்தற படிப்பும் ஒரு ப்ரைவேட் ஸ்கூல் மாதிரிதான்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. கண்ணால பாக்கற மாதிரி பாடத்திட்டம் இருக்கணும், புக்கோ கம்ப்யூட்டரோ எதுவானாலும் சரி, படிக்கறது, ஸ்பெல்லிங், இலக்கணம், கணக்கு, நல்ல குடிமக்களா இருக்கறது, இந்த அஞ்சும் உண்மையா சொல்லி குடுக்கணும். ரிஜிஸ்டர் பண்ண வேண்டாம், பர்மிஷன் வேண்டாம், பரிச்சை கெடையாது. கட்டாய படிப்பு வயசு 6ல இருந்து 19, அதனால உங்க சின்னவளுக்கு இப்போதைக்கு எதுவும் யோசிக்க வேண்டியதில்ல. பெரியவன இன்னும் சேக்கலன்னா யாருக்கும் லெட்டர் கூட எழுத வேண்டாம். சேத்துட்டு அப்பறம் நிறுத்தினா மட்டும், இந்த தேதில இருந்து வீட்ல படிக்க வெக்கறோம்னு எழுதி ஸ்கூலுக்கு குடுத்துடுங்க, சும்மா அனுப்பாம நிறுத்துனா வரலன்னு நோட்டீஸ் வரும்.

எச்4ல இருக்கற அம்மா தன் புள்ளைக்கு பாடம் சொல்லி குடுக்கறது வேலை கணக்குல வராது. ஆனா பக்கத்து வீட்டு புள்ளைங்களையும் சேத்து காசு வாங்கிட்டு சொல்லி குடுத்தா அது வேலை, வொர்க் பெர்மிட் இல்லாம அத பண்ணிடாதீங்க.

இன்னொண்ணு, நம்மாளுங்களுக்கு ப்ராஜெக்ட் மாறினா மாநிலமே மாறிடும். நியூ ஜெர்சி போனா பிரச்சனை இல்ல. நியூயார்க்னா வருஷ திட்டம் எழுதி குடுத்து மூணு மாசத்துக்கு ஒரு ரிப்போர்ட் அனுப்பணும், பென்சில்வேனியால புள்ளையோட வேலை எல்லாம் தொகுத்து வெச்சு ஒருத்தர்கிட்ட காட்டி கையெழுத்து வாங்கணும், மாசசூசெட்ஸ்ல மொதல்லயே அனுமதி வேணும். அதனால இங்க யாரும் கேக்கலன்னாலும் ஒரு ஃபைல் வெச்சுக்கோங்க, என்ன புக் படிச்சான், எழுதுன பேப்பர் நாலு, தேதியோட. ஊருக்கே திரும்ப வேண்டி வந்தாலும் அந்த ஃபைல் ஒதவும், அங்க 14 வயசுக்கு மேல ஸ்கூல் போகாமலே பரிச்சை எழுத விடற என்.ஐ.ஓ.எஸ்.ல (தேசிய திறந்தநிலைப் பள்ளி) பத்தாவது எழுதலாம்னு வழி இருக்கு. என் பெரியவனுக்கு ஹைஸ்கூல் ட்ரான்ஸ்க்ரிப்ட், அதான் மார்க் பட்டியல், நான்தான் போடறேன், அடுத்து இங்க இருக்கற காலின் காலேஜ்ல டூயல் கிரெடிட், அதாவது ஹைஸ்கூலுக்கும் காலேஜுக்கும் சேத்து கணக்குல வர்ற பாடம், எடுக்க போறான், இத்தன வருஷ ஃபைல்தான் இப்ப கை குடுக்குது.

இவ்ளோ சொல்லிட்டு இதையும் சொல்லணும். நீங்க எழுதுனதுல ஒரு எடத்துல, "அவன் இங்கிலீஷ் பேச மாட்டான், அங்க போயி பயந்துடுவான்னு இருக்கு"ன்னு போட்டிருக்கீங்க. அதுக்காக மட்டும் வீட்ல வெக்கறதா இருந்தா வேண்டாம்மா. பப்ளிக் ஸ்கூல் சும்மாதான், இங்கிலீஷ் புதுசா கத்துக்கற புள்ளைங்களுக்குன்னு தனியா சொல்லி குடுப்பாங்க, போகப் போக அவனே உங்களுக்கு உச்சரிப்பு திருத்துவான். ஒரு வருஷம் அனுப்பிட்டு அப்பறம் வீட்டுக்கு கூட்டிட்டு வரலாம், அந்த வழி எப்பவும் தொறந்துதான் இருக்கும். உங்களுக்கே கூட சொந்தக்காரங்க இல்லாத ஊர்ல புள்ளையும் ஸ்கூல் போயிட்டா வீடு வெறிச்சுன்னு ஆயிடுமேன்னு இருக்கும், எனக்கும் அப்படி இருந்துச்சு, ராத்திரில அழுதிருக்கேன். ஆனா அந்த பாரத்த 7 வயசு புள்ள தலைல வெக்க கூடாது. அவனோட உக்காந்து கத்துக்கணும்னு ஆசையா இருக்கா, காலைல அவன் கேக்கற கேள்விக்கு பதில் தேடறது உங்களுக்கு சந்தோஷமா இருக்கா, அப்ப தைரியமா பண்ணுங்க.

பண்ணறதா முடிவு ஆச்சுன்னா, புக் வாங்கறதுக்கு முன்னாடி ட்ரைவிங் லைசென்ஸ் எடுங்க. இங்க நடந்து போயி எதுவும் ஆகாது, வண்டி ஓட்ட தெரியாம ஹோம்ஸ்கூல் பண்ணா நாலு செவுத்துக்குள்ள நீங்களும் புள்ளைங்களும் மாட்டிக்குவீங்க. லைப்ரரி, பார்க், டல்லாஸ்ல இருக்கற பெரோ அறிவியல் மியூசியம், ஹோம்ஸ்கூல் பண்ற குடும்பங்க சேந்து வாரம் ஒரு நாள் க்ளாஸ் நடத்தற கோ-ஆப், எல்லாத்துக்கும் வண்டி வேணும். கோ-ஆப் சேரும்போது கேட்டு சேருங்க, இங்க நிறைய சர்ச் சார்ந்து நடக்குது, சிலதுல அவங்க நம்பிக்கைக்கு கையெழுத்து கேப்பாங்க, அது இல்லாத பொது கோ-ஆப்பும் இருக்கு. அங்கதான் என் பொண்ணுக்கு உயிர்த்தோழி கெடைச்சா, எனக்கும் ரெண்டு பேர் கெடைச்சாங்க.

ஃப்ரிஸ்கோவுக்கும் எங்க வீட்டுக்கும் ரொம்ப தூரம் இல்ல. செவ்வாய், வியாழன் காலைல புள்ளைங்கள கூட்டிட்டு வாங்க, எட்டரைல இருந்து சும்மா ஒரு ஓரமா உக்காந்து பாருங்க, சத்தம், சண்ட, பாடம் எல்லாம் எப்படி நடக்குதுன்னு. பதினொண்ணுக்கு உங்க பையனும் அரிசி அளக்கட்டும். மத்தியானம் அரிசிம்பருப்பு இங்கயே சாப்பிட்டுட்டு, போகும்போது ஒரு டப்பா மாவு எடுத்துட்டு போங்க.